கைதட்டல் கேட்டு ஓடிவந்த மேரி அக்கா

போன வாரம் எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் ஒரு வெளிநாட்டுக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். சத்தம் கேட்டதும் சமையல்கட்டிலிருந்து மேரி அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார் — என்ன தப்பு நடந்ததோ என்று!

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புது மெஷின் ஒன்றை ஓட்டிக் காட்ட, அர்ஜென்டினாவிலிருந்து மத்தேயோ என்ற இன்ஜினீயர் வந்திருந்தார். ஒரு வாரத் தங்கல். எங்கள் மேனேஜருக்கு ஒரே கவலை. கேன்டீன் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? சென்னை ஹோட்டலிலிருந்து தினமும் பார்சல் வரட்டும் என்றார். அதோடு விட்டாரா? கேன்டீனையே ஒரு கேட்டரிங் கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று மீட்டிங்கில் வேறு கேட்டுவைத்தார்.

கேன்டீனை நடத்துவது மேரி அக்கா. ஒரு காலத்தில் வயல் கூலிக்குப் போனவர். இன்று அவரோடு சேர்த்து ஒன்பது பெண்கள் அந்த அடுப்பை நம்பி இருக்கிறார்கள்.

"என் கையால துன்னு இதுவரிக்கும் எவனுக்குனா வவுறு கெட்டுக்கீதா, சொல்லு தம்பி?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். பதினோரு வருஷமாக நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

அந்தப் பார்சல் வந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். டிராஃபிக்கில் மாட்டி, ஆறி, சவசவத்துப்போன சாண்ட்விச். முதல் இரண்டு நாளும் மத்தேயோ அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு மெஷினிடம் போய்விட்டார். அதைப் பார்த்ததும் அக்காவின் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பாவம், பட்டினியா வேலை செஞ்சிக்கினு கீறாரு. அவுங்க ஊர்ல இன்னா துன்னுவாங்கன்னு கேளு தம்பி."

கேட்டேன். மத்தேயோ செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். எம்பனாடாவாம். அக்கா எட்டிப் பார்த்தார்.

"அட, நம்ம சோமாசு! கிறிஸ்மசுக்கு எங்க ஊட்ல கூடை கூடையா சுடுவோமே!"

உள்ளே தேங்காய்ப் பூரணத்துக்குப் பதிலாகக் கொத்துக்கறி, அவித்த முட்டை, சீரகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் மதியம் ஷிஃப்ட் முழுக்க சோமாஸ்தான். கறி ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று. சைவக்காரர்கள் தெரியாமல் கறியைக் கடித்துவிடக் கூடாதே... அதனால் கறி சோமாஸின் ஓரத்தை அக்கா விரலாலேயே கயிறு மாதிரி முறுக்கியிருந்தார். உருளைக்கிழங்குக்கு ஃபோர்க்கால் அழுத்திய வரி. அந்த ஓரத்தைப் பார்த்ததும் மத்தேயோ துள்ளிவிட்டார். அவர்கள் ஊரிலும் ஓரத்தைப் பார்த்துத்தான் உள்ளே என்ன என்று கண்டுபிடிப்பார்களாம்! மேரி அக்காவுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை.

சாப்பிட்டுக்கொண்டே அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். எம்பனாடா ஸ்பெயின்காரர்கள் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாவும், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தந்தது — இவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். சிரியாவிலிருந்து வந்தவர்கள் அதே எம்பனாடாவை முக்கோணமாக மடித்து, உள்ளே எலுமிச்சை பிழிந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சமைத்ததுதான் எங்கள் சாப்பாடு என்றார்.

நான் எங்கள் கேன்டீனைச் சுற்றிப் பார்த்தேன். பீகார்க்காரர்களுக்காக அக்கா பழகிய சப்பாத்தி, ஒடிசாக்காரர்களுக்காகக் கற்றுக்கொண்ட, பருப்பும் காயும் சேர்ந்த டால்மா, ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்காகக் கோங்குரா என்கிற புளிச்சக்கீரை... நாங்கள் மட்டும் என்ன சளைத்தவர்களா?

ஆறாவது சோமாஸ் முடிந்ததும்தான் மத்தேயோ எழுந்து கை தட்டினார். நம் ஊரில் கை தட்டினால் என்ன அர்த்தம்? யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதானே? அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து நின்றார்.

"இன்னா சார், இன்னா கொறச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை. அவர்கள் ஊரில் எல்லோரும் கூடிக் கறி சுட்டுச் சாப்பிட்டால், சுட்டவருக்குக் கை தட்டுவது வழக்கமாம். அது சமைத்தவருக்குச் செய்கிற மரியாதை. மத்தேயோ சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அப்புறம் ஷிஃப்ட் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது பாருங்கள்... தகரக் கூரை அதிர்ந்தது! மேனேஜரும் தட்டினார் — கடைசியாகத்தான், ஆனாலும் தட்டினார். பார்சலும் கேட்டரிங் பேச்சும் அன்றோடு நின்றன.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னாத்துக்கு சார் இதெல்லாம்... இன்னும் ரெண்டு சூடா கீது, எடுத்தாரட்டா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே கொஞ்சம் வெட்கம். பதினோரு வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். உப்பு கம்மி என்று சொல்வதற்கு மட்டும்தான் வாயைத் திறந்திருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, எழுந்து நின்று மனதாரக் கை தட்டினேன்.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா... கொசுவா?"