பிடியரிசி மணி

சிறுவாணித் தண்ணீர் வரும் விடியற்காலை நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. நிலோஃபர் கோட்டைமேட்டு வீட்டில் ஒரு குடத்தை நிரப்பிவிட்டு அடுத்ததை வைக்கக் குனிந்தபோது கைப்பேசி அடித்தது. ஆயர் ஞானாபரணத்தின் மனைவி மனோன்மணி அம்மா.

"கண்ணு, ஐயா தூக்கத்துலயே போயிட்டாரு."

குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட வேண்டும் என்பதே அவளுக்கு வெகுநேரம் தோன்றவில்லை.

ஞானாபரணம் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும், அந்தத் திருச்சபை உருவாவதற்கு முன்னால் தன் தாத்தா வைத்திருந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் கடைசிவரை அவர் பையில் இருந்தது. கொங்கு நாட்டுச் சின்னச் சின்ன சபைகளின் வரலாற்றை எழுதுவதுதான் அவர் வாழ்க்கை. அப்படிச் சேர்ந்துபோன காகிதங்களுக்குச் சபையார் ஆலயத்தின் பின்புறம் ஓர் அறை கொடுத்து, அடுக்கி வைக்க வரலாறு படித்த நிலோஃபரை வேலைக்கு எடுத்தார்கள்.

"கோட்டைமேட்டுப் பொண்ணு கோயில் காயிதம் அடுக்குதேன்னு யாராச்சும் கேட்டா என்னங்க ஐயா சொல்லுவீங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"பள்ளிவாசல் காயிதம் அடுக்க எனக்கு ஒரு வேலை வாங்கிக் குடுத்துருங்க அம்மணி. சரிக்குச் சரியாப் போயிரும்."

படித்த முறைப்படி அவள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்கினாள். அடுத்த நாள் வந்தவர், விசேஷ வீட்டில் செருப்பைத் தொலைத்தவர் போல அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் காகிதங்களைக் கட்டி வைத்திருந்தது பஸ் தடப்படி. சூலூர் பஸ்ஸில் போய்ப் பார்த்த சபைகள் ஒரு கட்டு, வெள்ளகோவில் பஸ் ஒரு கட்டு. சொந்த வண்டியே வாங்காத மனிதர்.

"வருசம் எனக்கு மறந்துபோயிருங்க. எந்த பஸ்ஸுல போனேங்கறது மறக்காது," என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தாள்.

வெள்ளகோவில் பக்கத்துச் சபை ஒன்றின் நூற்றாண்டு மலரை அவர்தான் எழுதினார். அது வெளிவந்து சில வாரங்களில் ராசம்மாள் என்கிற அம்மாள் அந்த மலரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அறைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க பாஸ்டரு, கோயில் மணிய தொரை வாங்கிக் குடுத்தாருன்னு எழுதீருக்கறீங்களே. ஒலையில அரிசி போடறதுக்கு முந்தி எங்கம்மா ஒரு புடி எடுத்து வெப்பாங்க. எல்லா ஊட்டுப் பொம்பளைங்களும் அப்படிப் புடியரிசி சேத்து வாங்குன மணிங்க அது. நாங்க கஞ்சியத் தண்ணியாக் குடிச்சது தொரைக்குப் பேர் வாங்கிக் குடுக்கவாங்க?"

அந்தக் காலத்து வெள்ளைக்கார மிஷனரி துரை தன் நாட்டுக்கு எழுதி அனுப்பிய அறிக்கையை நம்பி அவர் எழுதியிருந்தார். பெண்கள் சேர்த்த காசுக்கு மணியைப் பட்டணத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தது மட்டும்தான் துரை செய்தது. ஆயர் எழுந்து நின்று, "தப்பா எழுதிப்போட்டேனுங்க. திருத்திப்போடறேன்," என்றார்.

"அடுத்த மலர்ல போட்டுக்கலாங்க ஐயா," என்றாள் நிலோஃபர்.

"அடுத்த மலருக்கு நானிருப்பனா? அதுவரைக்கும் எம்பேர்ல அச்சான பொய் ஊடூடா உக்காந்திருக்கோணுமா?"

பழைய பதிவேட்டில் அந்தப் பெண்களுக்குப் பெயர்கூட இல்லை. இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான். அவர் அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளைத் தேடித் தேடிப் பெயர்களைச் சேர்த்தார். சின்னதாக ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்தார். பிறகு கோந்து பாட்டிலோடு, மலர் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் பஸ் ஏறினார். சில சனிக்கிழமைகளில் நிலோஃபரும் கூடப் போனாள்.

சூலூரில் ஒரு வீட்டுக்காரர், "சீட்டு ஒட்டறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?" என்றார்.

"காப்பி குடுத்தீங்கன்னா ரெண்டு வேலையாயிருங்க."

இன்னொரு வீட்டில் மலர் டிவி மேசைக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. ஆயர் தரையில் உட்கார்ந்து அதை உருவி, சீட்டை ஒட்டி, காயும்வரை ஊதிவிட்டு, ஆடாமல் மறுபடியும் அங்கேயே சொருகினார். வெளியே வந்ததும் நிலோஃபருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாரும் படிக்கறதே இல்லீங்களே ஐயா."

"படிக்காத பொய்யும் பொய்தானுங்களே அம்மணி."

ராசம்மாள் வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. அந்த அம்மாள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "எனக்குத் தெரிஞ்ச சங்கதிதானுங்களே. ஊருக்கெல்லாம் ஒட்டிப்போட்டுக் கடைசியா எங்கூட்டுக்கு வாங்க. சாப்பிட்டுப்போட்டுப் போலாம்." மற்ற வீடுகள் எல்லாம் முடிந்திருந்தன. வருகிற திங்கட்கிழமை போவதாக இருந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது ராசம்மாள் நிலோஃபரைத் தேடி வந்தார். மலரைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எஞ்சீட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா கண்ணு?"

அறையில் வெள்ளகோவில் பஸ் கட்டுக்குள் மிச்சமிருந்த ஒரே சீட்டை நிலோஃபர் காலையிலேயே எடுத்துப் பைக்குள் வைத்திருந்தாள். ராசம்மாளுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. நிலோஃபர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். "தெபோராள்" என்று வந்ததும் அந்த அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கம்மா. இன்னொருக்கா படிங்க."

இன்னொரு தடவை படித்தாள்.

"வாங்க, ஆலயத்துல கோந்து இருக்குதுங்க. இப்பவே ஒட்டித் தந்தர்றேன்."

"வேண்டாங்க கண்ணு. நான் சோறாக்கிப் போடறேன்னேன், அவரு வாரேன்னாரு. அது அவரு ஒட்டோண்டியது."

சீட்டை வாங்கி, மணியைப் பற்றிய பக்கத்தில் வைத்து மலரை மூடினார். மற்ற வீடுகளில் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ராசம்மாளின் மலரில் மட்டும் அந்தச் சீட்டு இன்னும் கோந்து தடவாமல் இருக்கிறது.