ஐந்து காசு அளவுக் கிழிசல்

கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று குட்டிக் கூவல்கள், பிறகு ஒரு நீளமான கூவல். அடுக்களையில் நெத்திலிச் சம்பல் கிளறிக்கொண்டிருந்த பஞ்சாலை அடுப்பைத் திருகி அணைத்தாள். கரண்டி சட்டிக்குள்ளேயே விழுந்தது. இரண்டு கைகளையும் மார்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, கதவை இடுப்பால் இடித்துத் திறந்து, கூடத்துக்கு ஓடினாள்.

"ஸ்டார்ட்டு!" என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் கணவர் மணியம். கடிகாரம் அவர் கையில் தயாராக இருந்தது.

கூடத்து மேசையில் ஒரு தலையணை படுத்திருந்தது. அதன்மேல் நான்கு அலுமினியக் கம்புகள் குனிந்து நின்றன. மணியம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். குலை வெட்டும் நீளக் கழி உடைந்தால் வீசியெறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்தத் துண்டுகளைத் துணி காயப்போடும் சக்கர ஸ்டாண்டில் கட்டித்தான் பஞ்சாலை தன் ரோபோவைச் செய்திருந்தாள். மூன்று கம்புகளின் நுனியில் துணி கிளிப்புகள். நான்காவதில் கேமராவுக்குப் பதிலாக ஒரு டார்ச் லைட். மூன்று கிளிப்புகளும் தலையணைமேல் விரித்த ஈர டிஷ்யூ தாளைக் கவ்விக்கொண்டிருந்தன.

"டாக்டர் கைய எடுத்தாச்சு. ஒண்ணு, வாயத் தொற, உருவு. ரெண்டு, வாயத் தொற, உருவு. மூணு, வாயத் தொற…" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பஞ்சாலை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கேமராவையும் எடுத்தாள். கம்புகளை மேலே தூக்கினாள். ஸ்டாண்டைச் சுவர்வரை தள்ளினாள். பிறகு குனிந்து தாளைப் பார்த்தாள். முழுசாக இருந்தது.

"ஒரு நிமிஷம் பதினொண்ணு," என்றார் மணியம். "நேத்து ஒம்போது லா."

"நேத்து கிழிஞ்சிச்சி. இன்னிக்கு என்சிக் பந்தால் பொழச்சிட்டாரு."

மலாயில் என்சிக் என்றால் ஐயா, பந்தால் என்றால் தலையணை. மூன்று வாரமாக இந்த வீட்டில் அவர்தான் நோயாளி. மணியம் ராத்திரி தலைக்கு வைத்துக்கொள்ள ஒரு துண்டைச் சுருட்டிக்கொள்கிறார்.

அந்தக் கூவலை அடித்தது அவர்கள் மகள் ஷாமினி. செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவள் எண்ணுக்கென்று பஞ்சாலை தன் கைப்பேசியில் இந்த அபாய ஒலியை வைத்திருக்கிறாள். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஷாமினி ஒருமுறை அடித்து வைத்துவிடுவாள். எப்போது வரும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவுக்குத்தான் அடிக்க வேண்டும்.

பஞ்சாலைக்கு வயது நாற்பத்தேழு. கோலா பிலாவுக்கு வெளியே இருக்கும் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் மலைப் பாதையில் கார் ஓட்டிக்கொண்டு சிரம்பானுக்குப் போகிறாள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கூட நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறாள். அந்த வேலை அவளை விட்டு வீட்டிலும் இறங்குவதில்லை. கதவுகளைக் கையால் தொடமாட்டாள். முழங்கை, இடுப்பு, குதிகால், எது வசதியோ அது. சமைத்து முடித்தால் கரண்டிகளை எண்ணுவாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்தில் சாம்பார் கரண்டி ஒன்று குறைந்துவிட்டது. "எண்ணி முடியற வரைக்கும் யாரும் வெளிய போவக் கூடாது," என்று வாசலில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் ஏறிக் காத்திருந்தார்கள். கரண்டி ரசத்துக்குள் கிடந்தது.

மருத்துவமனை ஒரு ரோபோவை வாங்கியிருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் அது வந்து இறங்க இன்னும் மூன்று வாரமாகும். மருத்துவர் ஒரு மூலையில் பெட்டிக்குள் முகம் புதைத்து உட்கார்ந்துகொள்வார். அவர் விரலசைத்தால், தூரத்தில் நோயாளியின் வயிற்றுக்குள் நுழைந்திருக்கும் இயந்திரக் கைகள் அசையும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நர்ஸுக்குப் பெரிய வேலை இல்லை. உள்ளே ரத்தம் பீறிட்டுவிட்டால் கதை மாறும். கருவிகளின் வாயைச் சிறு சாவியால் திறந்து, வெளியே உருவி, கைகளைக் கழற்றி, இயந்திரத்தையே பின்னால் தள்ளி, மருத்துவருக்கு வழிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடம் மருத்துவருடையதும் அல்ல, கடவுளுடையதும் அல்ல. மேசையருகே நிற்கிறவளுடையது.

பன்னிரண்டு நர்ஸுகளுக்கு இணையத்தில் முன்தயாரிப்புப் பாடம் வந்தது. ஆளுக்குத் தொள்ளாயிரம் வெள்ளி, மருத்துவமனையின் செலவு. இளைய நர்ஸுகள் ஓய்வறையில் காலாட்டிக்கொண்டே முடித்தார்கள். பஞ்சாலைக்குத் தோட்டத்தில் இணைய இணைப்புச் சரியில்லை. நடுவில் அறுந்தால் பாடம் தலையிலிருந்து தொடங்கும். கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குக் காரை ஓட்டிப்போய், கொசுவத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து படித்தாள். நான்காம் பாடத்தை மட்டும் பதினொரு தடவை கேட்க நேர்ந்தது. அதனால் அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. தேர்வில் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். அவளை 'ஆன்ட்டி' என்று கிண்டலடித்த பிள்ளைகளில் ஒருத்திகூடத் தொண்ணூறைத் தொடவில்லை.

முதல் மதிப்பெண் வாங்கியதால் கோலாலம்பூரில் இரண்டு நாள் நேரடிப் பயிற்சிக்கு முதலில் அவளைத்தான் அனுப்பினார்கள். அதற்கு ஏழாயிரம் வெள்ளி. திரும்பி வந்த மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. முதல் ரோபோ அறுவை, அதில் முதல் உதவி: பஞ்சாலை. அவள் அதைப் படமெடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். தன் கல்யாணப் படத்துக்குக்கூட அவள் அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை என்று மணியம் இன்றுவரை குறைப்படுகிறார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; நான்கு மணிக்கு ரெம்பாவிலிருந்து சித்திக் வந்தார். மருத்துவமனையின் பயிற்சி அதிகாரி. முப்பத்தைந்து வயது, கனிவான மனிதர், எப்போதும் கையில் ஒரு கோப்பு. மேசைமேல் படுத்திருந்த என்சிக் பந்தாலைப் பார்த்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"உக்காருங்க தம்பி. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றார் மணியம்.

பஞ்சாலை பால் விடாத தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். சித்திக் ஒரு தாளை நீட்டினார்.

"ஒரு கையெழுத்துதான் சிஸ்டர். நானே எல்லாம் டைப் பண்ணிட்டேன்."

பஞ்சாலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இணையப் பாடம் மட்டும் போதும், நேரடிப் பயிற்சி தேவையில்லன்னு போட்டிருக்கு. இத நானா சொன்னேன்?"

"உங்க தொண்ணூத்தெட்டு சொல்லுது லா. பாக்கி பதினோரு பேரு இருக்காங்க. கோலாலம்பூருக்கு அனுப்புனா ஆளுக்கு ஏழாயிரம். மேல உள்ளவங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. மொத மார்க்கு வாங்குனவங்க வாயால வந்தா நல்லா இருக்கும்னு பாக்குறாங்க."

பஞ்சாலை எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் சின்ன பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே ஐந்து காசு அளவில், தோல் நிறத்தில், ஓரம் பிய்ந்த ஒரு துண்டு. அதைத் தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னா?"

"கோலாலம்பூருல ரெண்டாவது நாளு, பொம்ம வயித்துலருந்து கைங்கள அவசரமா கழட்டச் சொன்னாங்க. அம்பத்திரெண்டு செகண்டு. யாரும் அவ்ளோ சீக்கிரமா செய்யலன்னு கை தட்டுனாங்க தம்பி. மூணாவது கை வாயத் தொறக்காமலே நான் இழுத்துட்டேன். இது அதோட வந்துச்சி."

"ரப்பருதான சிஸ்டர்."

"ஆமா. அன்னிக்கு ரப்பரு."

சித்திக் தேநீரை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார்.

ஏன் அப்படி இழுத்தோம் என்று அவள் மூன்று இரவுகள் யோசித்திருக்கிறாள். இணையப் பாடத்தின் திரையில் 'வாயைத் திற' என்பது ஒரு கட்டம். தட்டினால் பச்சை விழும். அவள் தட்டினாள், பச்சை விழுந்தது. வீட்டில் கம்பும் கிளிப்பும் வைத்து ஆறு வாரம் பழகினாள். கிளிப் பழைய கிளிப். மழைத் தூறல் விழுந்தால் கொடியில் கிடக்கும் துணியை யார் ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தி எடுக்கிறார்கள்? ஒரே உருவு, கிளிப் தானே தெறிக்கும். லயத்து வீட்டில் பிறந்த நாளிலிருந்து அவள் கை அப்படித்தான் துணி எடுத்திருக்கிறது. வாய் 'தொற' என்று சொல்லும்; கை மழைக்கு ஓடும். கோலாலம்பூரிலிருந்து திரும்பிய அன்றே மணியத்திடம் சொல்லி எல்லாக் கிளிப்புகளையும் கம்பியால் இறுக்கினாள். அடியில் தலையணையை வைத்து அதன்மேல் ஈரத் தாளை விரித்தாள். இப்போது அழுத்தாமல் இழுத்தால் தாள் கிழியும். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தாள் கிழிந்தது.

சித்திக் குரலைத் தாழ்த்தினார். "இத யாராச்சும் பாத்தாங்களா?"

"சொல்லிக் குடுத்தவரு பாத்தாரு. மொத தடவதான, பரவால்லன்னு சொல்லி சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டாரு."

"அப்ப விட்டுருங்க சிஸ்டர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இத எழுதுனீங்கன்னா மொத கேசுலருந்து உங்க பேர எடுத்துடுவாங்க. மறுபடியும் பயிற்சி முடிக்காம அந்த ரூம்புக்குள்ளயே விட மாட்டாங்க. அந்த எடத்துக்கு ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க, உங்களுக்கே தெரியும்."

தெரியும். பஞ்சாலை தன் கைப்பேசியைப் பார்த்தாள். திரை இருண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு எழுத்தும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் நீட்டிய கைக்குக் கத்தி கொடுத்தவள். ஒருமுறையாவது தன் பெயர் முதலில் வர வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை அது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"என்னாங்க, நீங்க என்னா சொல்றீங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

மணியம் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருசம் புது ஆளுங்களுக்கு எங்க ஆபீசுல போன்ல வீடியோ காட்டுனாங்க, குலைய எப்படி வெட்டறதுன்னு. நல்ல வீடியோதான். ஒரு பையன் அப்படியே வெட்டுனான், ஒரு தப்பு இல்ல. ஆனா எங்க நிக்கறதுன்னு அவன் காலுக்குத் தெரியல. குலை அவன் தோள ஒரசிக்கிட்டு விழுந்துச்சி." கடிகாரத்தை மடியில் வைத்தார். "எழுதுன்னு சொல்ல மாட்டேன் பஞ்சு. எழுதாதன்னும் சொல்ல மாட்டேன். இத்தன நாளு கடிகாரம் புடிச்சதுக்குக் கூலிய மட்டும் குடுத்துரு."

"தலவாணிய வேணா திருப்பித் தரேன்."

சித்திக் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பஞ்சாலை பேனாவை எடுத்தாள். அச்சடித்திருந்த வாக்கியத்தை ஒரே கோட்டில் அடித்தாள். கீழே மலாயில், நர்ஸுகளுக்கே உரிய தெளிவான கையெழுத்தில் எழுதினாள். இணையப் பாடம் வேண்டும். அது இல்லாமல் போயிருந்தால் பயிற்சியின் முதல் நாள் முழுவதும் பொத்தான்களின் பெயரைக் கேட்பதிலேயே கழிந்திருக்கும். அந்தத் தொள்ளாயிரம் வெள்ளி வீண் இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. தொண்ணூற்றெட்டு வாங்கிய நானே இதைக் கிழித்தேன். செலவைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள். அந்த ஒரு நாளை எடுத்துவிடாதீர்கள். முதலில் எனக்கு அதைத் திரும்பக் கொடுங்கள்.

கையெழுத்துப் போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒட்டு நாடாவை எடுத்து, அந்த ரப்பர் துண்டைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டினாள்.

"ஐயோ சிஸ்டர், இத எப்படி ஸ்கேன் பண்றது? புடைச்சிக்கிட்டு நிக்குதே!"

"நிக்கட்டும் தம்பி. கோப்ப மூடுனாலும் கைல தட்டுப்படும்."

சித்திக் தாளைக் கோப்பில் வைத்தார். அது ஒழுங்காக மூடவில்லை. தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். பஞ்சாலை வாசல்வரை வந்தாள். அவர் காலணியின் வாரை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குத்தான் மேல குடுப்பேன். அதுக்குள்ள மனசு மாறுச்சின்னா ஒரு போன் அடிங்க. இத நான் பாக்கவே இல்லன்னு வச்சிக்கிறேன். வேற தாளு கொண்டாறேன். பேரு அப்படியே இருக்கும் சிஸ்டர்."

பஞ்சாலை வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாளோ, கூடத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று குட்டிக் கூவல்கள், ஒரு நீளமான கூவல். செனாவாங்கில் ஷாமினிக்கு ஓய்வு நேரம்.

"ஸ்டார்ட்டு!" என்று உள்ளேயிருந்து மணியம் கத்தினார்.

அவள் கைகள் இரண்டும் தாமாக மார்பு உயரத்துக்கு எழுந்தன. "பாத்துப் போங்க தம்பி," என்றாள். கைப்பிடியைத் தொடாமல், ஒரு பக்கமாகத் திரும்பி, இடுப்பால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.