பழைய எண்ணுக்குப் போன ஓடிபி

நவம்பர் வந்தாலே ஜெபசுதாவுக்கு முழங்கால் வலியும் கூடவே வந்துவிடும். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான் கிளார்க். முன்பெல்லாம் காகிதம்; கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாஸ்வேர்டு, தொட்டதற்கெல்லாம் போனுக்கு ஒரு ஓடிபி. பாஸ்வேர்டை மறக்காத பிள்ளையை அவள் இன்னும் பார்க்கவில்லை.

அன்று உதவித்தொகையைப் புதுப்பிக்கக் கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். இரண்டாம் வருடம் படிக்கும் இசக்கிச்செல்வியின் விண்ணப்பம் மட்டும் புதுப்பிக்காமல் கிடந்தது. போன வருடம் கொடுத்தது அவள் அப்பாவின் எண். அவருக்கு வேம்பார் உப்பளத்தில் வேலை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் ரீசார்ஜும் இல்லை. செத்துப்போன எண்ணைக் கம்பெனிக்காரன் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். ஓடிபி அந்த யாருக்கோதான் போகிறது. எண்ணை மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபிதான் வேண்டுமாம். இப்படி யோசித்த புத்திசாலியை நேரில் பார்க்க ஜெபசுதாவுக்கு ஆசையாக இருந்தது.

காலையில் அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். "தம்பி, உங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வரும்" என்றதுதான் தாமதம், அவன் வெடித்துவிட்டான்.

"இப்படித்தான் ஒருத்தி இனிக்க இனிக்கப் பேசி எங்கிட்ட பதினெட்டாயிரத்த உருவுனா. மாப்பிள்ளையூரணியில லோடு வண்டி ஓட்டுத சுடலைக்கண்ணன்னு கேளு. தைரியம் இருந்தா நேர்ல வா, பாப்போம்!"

அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கல்லூரிச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். ஆனால் உதவித்தொகை வராவிட்டால் இந்தப் பெண் படிப்பை விட்டு உப்பளத்துக்குப் போய்விடும். அப்படிப் போன இரண்டு பேரின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மூன்று மணிக்கு இசக்கிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணன் திகைத்துப்போனான். "நெசமாவே வந்துட்டியளா?"

"நீங்கதான தம்பி வரச் சொன்னிய."

கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதெல்லாம் எவனும் அடிச்சிருவான். செவரோரமா நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். ஏதாச்சும் ஆச்சுன்னா நேரா ஸ்டேஷன்தான்."

ஐம்பத்தேழு வயதில், அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பிடிபட்ட திருடியைப் போல நின்றாள் ஜெபசுதா. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. இசக்கிச்செல்விதான் தாங்காமல் அழ ஆரம்பித்தாள்.

"ஏளா, அழாத. மணியப் பாரு, அஞ்சாவப் போவுது" என்றாள் ஜெபசுதா.

ஜெபசுதா தன் போனில் விண்ணப்பத்தைத் திறக்க, அவன் போனுக்கு ஓடிபி வந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவன் மறுத்துவிட்டான். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். உங்க போனக் கொண்டாங்க, நானே அடிக்கேன்." ஈர விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தி முடிப்பதற்குள் அந்த ஓடிபிக்கான நேரம் கடந்துவிட்டது. மறுபடி ஒன்றை வரவழைத்தார்கள். இந்தத் தடவை கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அடித்தான். திரை திறந்தது.

புது எண் என்ன என்று கேட்டது.

"அம்மா நம்பர் இருக்கு மேடம்" என்றாள் இசக்கிச்செல்வி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவும் மழை முடியுத வரைக்கும் இருக்குமான்னு தெரியல" என்றாள்.

ஜெபசுதா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். தன் எண்ணை அடித்தாள். ஐந்தே முக்காலுக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

வரும் ஏப்ரலில் அவளுக்குப் பணி ஓய்வு. இசக்கிச்செல்விக்கு அதற்குப் பிறகும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது; அடுத்த நவம்பரிலும் ஓடிபி ஜெபசுதாவின் போனுக்குத்தான் வரும்.