சுவர் எழும்பாத சனிக்கிழமை

நெய்யாற்றின்கரைப் பக்கம் போகிறேன் என்றதும் நண்பர்கள், "பூவார் கடற்கரைக்கா?" என்று கேட்டார்கள். மேசைவிரிப்பு வாங்க என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். நாங்கள் கொச்சியிலிருந்து சென்னைக்கு வந்த யூதக் குடும்பம். வெள்ளி மாலை தொடங்கும் எங்கள் ஓய்வுநாளுக்கு மேசையில் வெள்ளைத் துணி விரிப்போம். பழையது நைந்துவிட்டது. புதியது பாலராமபுரம் கைத்தறியாக இருக்கட்டும் என்று தை மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு ரயிலில் கிளம்பினேன்.

நாகர்கோவிலில் வெள்ளி காலை ஒன்பதரைக்குத் திருவனந்தபுரம் பேருந்து. பாலராமபுரத்தில் இறங்கி, பேரம் பேசத் தெரியாமல் 650 ரூபாய்க்குத் துணி வாங்கினேன். பிறகு பதினாறு கிலோமீட்டர் திரும்பி வந்து பாறசாலையில் ஆட்டோ பிடித்தேன், 80 ரூபாய். நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்த மாடி அறை உள்ளே ஒரு கிராமத்தில் இருந்தது. ஓட்டுநர் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல வண்டி போவாது சாறே. போன வாரம் வரைக்கும் போச்சு. இப்ப குழி வெட்டிப் போட்டாச்சு."

வெட்டியவர் நான் தங்கவிருந்த வீட்டின் சொந்தக்காரர் தாசையன்தான். பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம். எழுபதுகளின் கடைசியில் ஷார்ஜா போய், மின்வேலை செய்து, ஊர் திரும்பியவர். போன வாரம்வரை அவர் நிலத்துக்கு மதில் கிடையாது. பின்வீட்டுக்காரர்கள் அதன் ஓரத்தை மிதித்தே போய்வந்தார்கள். இப்போது சுவருக்குக் குழி வெட்டியாயிற்று. மிஞ்சிய வழி இரண்டரை அடி. வழிக்கு இன்னும் மூன்றடி விடும்படி பஞ்சாயத்து மெம்பர் கேட்டும் முடியாது என்றுவிட்டாராம்.

காரணத்தை அன்று மாலையே சொன்னார். அவருடைய அப்பா நிலவுடைமையாளர் ஒருவரின் இடத்தில் குடிசை போட்டு, அவருக்கே வேலை செய்தவர். நிலச் சீர்திருத்தத்தில் அந்தக் குடிசையடி பத்து சென்ட் அப்பாவுக்கே சொந்தமானது.

"அப்பனுக்கு ஞாயிறும் இல்ல, திங்களும் இல்ல சாறே. சர்ச்சுல மணி அடிக்கும்போ தம்புரான் வேலைக்குக் கூப்பிட ஆளு விடுவாரு. பட்டயம் கிட்டின ஞாயிறு அப்பன் ஆராதனை கழிஞ்சு வந்து, உச்சைக்கு மேல கிடந்து ஒறங்கினாரு. வந்து எழுப்ப ஒருத்தனும் இல்ல. அந்த மண்ணுல ஒரு அடி போனாலும் எனக்குப் பொறுக்காது."

எங்கள் ஓய்வுநாளும் அதேதான் என்றேன். எங்கள் முன்னோர் ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்தார்கள். அடிமைக்கு விடுமுறை இல்லை. ஓய்வெடுக்கும்போது அதை நினைத்துக்கொள்கிறோம். அவர் தலையாட்டிவிட்டு உடனே சுவர் கட்டும் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"எலே மணியா, நாளைக்கு வராண்டாம். திங்களாச்ச வந்தா மதி. கூலி நான் தாறேன்."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. என் விரதம் என்னோடு, மேஸ்திரிகளை ஏன் நிறுத்த வேண்டும்? அவர் விடவில்லை. "வாசலுக்கு உள்ள நிக்க கூலிக்காரனுக்கும் மாட்டுக்கும் ஓய்வு உண்டு. நான் படிச்சது அப்பிடியாக்கும்." என் வேதத்தை எனக்கே சொல்கிறார்.

விளக்கேற்றினேன். இனி சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை பயணமில்லை, நெருப்பில்லை, சுவிட்சைக்கூடத் தொடமாட்டேன். மறுநாள் காலை பழமும், முந்திய மாலையே அவித்து வைத்த மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டு, நாங்கள் இருவரும் முற்றத்தில் நாற்காலி போட்டுச் சும்மா இருந்தோம். "கல்யாணம் கழிஞ்சு நாப்பது வருசத்துல இவரு சும்மா இருந்து நான் பாத்தது இண்ணைக்காக்கும்" என்றார் அவர் மனைவி செல்லபாய்.

பத்து மணி இருக்கும். பின்வீட்டு சரோஜத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவர் மகனும் இன்னொருவரும் தூக்கி வந்தார்கள். இடுப்பு முறிந்தவர், வாரம் ஒருமுறை நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரி. போன வாரம்வரை ஆட்டோ அவர் வாசலுக்கே போயிருக்கிறது. நாற்காலியும் இரண்டு ஆளும் அந்த இரண்டரை அடிக்குள் கொள்ளவில்லை. மகன் குழிக்குள் இறங்கினான். நாற்காலி சாய்ந்தது.

"பாத்து மக்கா," என்றார் சரோஜம், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு. "தாசையன் அண்ணனுக்க குழி இடிஞ்சிரப் போவுது."

தாசையன் எழுந்து ஓடி நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். ஆட்டோ வரை தூக்கிப்போய் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். வேலை நடந்திருந்தால் கல்லையும் சாந்தையும்தான் பார்த்திருப்பேன், அவளைப் பார்த்திருக்கமாட்டேன் என்று ஒருமுறை சொன்னார். எங்கள் வழக்கத்தில் வயலின் ஓரத்தை அறுக்காமல் இல்லாதவர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று உண்டு. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

இருட்டியதும் மூன்று நட்சத்திரம் பார்த்து ஓய்வுநாளை முடித்தேன். காத்திருந்தவர்போல வந்தார்.

"இனி வேல செய்யலாமா சாறே?"

"செய்யலாம்."

சுவருக்கு நூல் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி மூன்றடி தன் நிலத்துக்குள்ளே தள்ளி அடித்தார். நூலின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். சனி இரவு தொடங்கும் எங்கள் புது வாரத்தில் என் முதல் வேலை அந்த நூலைப் பிடித்தது. எத்தனையோ தலைமுறையாக யாருக்கும் பயப்படாமல் நாங்கள் ஓய்வெடுத்த, கொச்சி வரை நீளும் கரை இது. அந்த நன்றியில் கொஞ்சத்தையாவது அன்று கையால் செலுத்த முடிந்ததில் எனக்கு நிறைவு.

போகிறவர்களுக்கு: துணியை மதியத்துக்கு முன் வாங்கிவிடுங்கள். தை மாதம் நல்லது, வெயில் பொறுக்கும். பாறசாலையில் ஆட்டோக்காரர் ரோட்டில் நிறுத்தி உள்ளே போகாது என்று சொன்னால், போகும் என்று சொல்லுங்கள்.