தாடிக்காரனும் தாடியில்லாதவனும்

எங்கள் வீட்டில் வீடியோ கேமைக்கூட ஷிப்டு போட்டுத்தான் ஆடினோம். அப்பா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் உற்பத்தி லைனில் நின்றார். ஒரு வாரம் காலை, மறுவாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு. மகள் நான், ஏழாம் வகுப்பு. பெரும்பாலும் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவர் வீட்டில் இருப்பார்; நான் திரும்பும்போது அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். மாமா யாரிடமோ வாங்கிக் கொடுத்த பழைய கேம் பெட்டியும் ஒரே ஒரு டிஸ்க்கும் இருந்தன. ஆட்டத்தை ஓர் இடத்தில்தான் சேமிக்க முடியும் என்று நாங்களாகவே நம்பிக்கொண்டோம். அதனால் நான் விட்ட இடத்திலிருந்து அவர், அவர் விட்ட இடத்திலிருந்து நான்.

அந்த வருடம் அப்பாவின் லைனை வடக்கே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவாகியிருந்தது. கூடப் போகிறவர்களுக்கு வேலை, மற்றவர்களுக்குப் பெரிய கும்பிடு. அப்பா எங்களை விட்டுத் தனியாகப் போவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், எங்கள் ஊர் வடக்குப்பட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். பரீட்சை முடியட்டும் என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை.

லைனில் ஆள் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். அப்பா அதே சட்டத்தைக் கேமுக்கும் கொண்டுவந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்பார்:

"இன்னா ஆச்சி? தாடிக்காரன் இன்னா பண்ணிக்கினு கீறான்?"

"பாலத்தைத் தாண்டிட்டான்பா. இப்ப தாடியில்லாதவன் வந்துட்டான்."

அந்தக் கேமின் கதை முன்னும் பின்னும் தாவும். இடிந்துபோன ஊர் ஒன்றில் தாடிக்காரன் அலைவான். திடீரென்று வேறொரு ஊரில் தாடியில்லாதவன் மூட்டை தூக்குவான். "மூக்கப் பாரு, ஒரே அச்சு. அண்ணன் தம்பிதான்" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வாசலிலேயே அப்பா செய்தி சொன்னார்: "தாடிக்காரன் வூட்டுக்கு வந்துட்டாம்மா. பொண்ணு ஓடியாந்து கட்டிப் புடிச்சிக்கிச்சி." நான் பார்க்காமல் போய்விட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது. பாதி ஆட்டத்தில் வந்த காட்சி அது. சேமித்த இடமோ அதைத் தாண்டிப் போயிருந்தது. கடைசிக் காட்சியை மட்டும் ஒரு விடுமுறை நாளில் சேர்ந்து பார்த்தோம். தாடியில்லாதவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மழைக்கு முன்னால் வந்துவிடுவேன்" என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவான். அண்ணன் வந்து சேர்ந்தாயிற்று, சித்தப்பா வேலைக்குப் போகிறார் என்று நான் கதையை முடித்துவைத்தேன். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை முடிந்த கையோடு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொள்வதை என் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இந்தத் தடவை அவசரமில்லை. திரையில் வந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். தாடியில்லாதவனின் இடது கையில் புதுக் காயம், துணி சுற்றியிருந்தது. தாடிக்காரனுக்கும் அதே கையில், அதே இடத்தில் பழைய தழும்பு. அண்ணனுமில்லை, தம்பியுமில்லை, இரண்டும் ஒரே ஆள். கடைசியில் பார்த்தோமே, அந்தக் கிளம்பல்தான் கதையின் ஆரம்பம். தாடி வளர்ந்ததெல்லாம் அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. அப்படியானால் அவன் வீட்டுக்கு வருவதுதான் உண்மையான முடிவு.

அந்தக் காட்சி வந்தது. தாடிக்காரன் கதவைத் தட்டினான். என் அம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்த பெண் கதவைத் திறந்து, மரியாதையாகக் கேட்டாள்: "யார் வேண்டும்?" அவன் திரும்பிப் படியிறங்கிப் போனான். அவ்வளவுதான். மீதி ஆட்டம் முழுவதும் தேடினேன். ஒருவரும் ஒருவரையும் கட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு வருத்தமே வரவில்லை. வாத்தியார் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்த குஷிதான் வந்தது. அப்பா ஷிப்டு முடிந்து வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பா, நீ தப்பா சொல்லிட்ட. அது அண்ணன் தம்பி இல்ல. ஒரே ஆளு. வூட்டுக்கு வர்றான், ஆனா அந்தப் பொண்ணுக்கு அவன் யாருன்னே தெரியல."

"போதும், அத்த அணைச்சிட்டு சாப்புட வா" என்று உள்ளேயிருந்து அம்மா அதட்டினாள். அவள் அவ்வளவு கோபப்பட அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"இரு, சொல்லட்டும்" என்றார் அப்பா. ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு அப்பாலயாச்சும் கண்டுபுடிச்சிச்சா?"

"இல்லப்பா. கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கவே இல்ல."

"சரிம்மா. எனக்குத்தான் இங்கிலீஷ் புரியல போல கீது."

"பரவால்லப்பா, நான் சொல்லித் தர்றேன்" என்றேன், பெரிய மனது பண்ணி.

அடுத்த வாரம் அவர் வடக்கே ரயிலேறினார். எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "யார் வேண்டும்?" என்ற அந்தப் பெண்ணின் கேள்வி புரியாத அளவுக்கு அப்பாவின் இங்கிலீஷ் மோசமில்லை. அந்த வாசற்படிக் காட்சியை எனக்கு முன்பே, தனியாக உட்கார்ந்து பார்த்தவர் அவர். பதில் தெரிந்தேதான் என்னிடம் கேட்டார். "ஆமாம்பா, கண்டுபுடிச்சிடுச்சி" என்று நான் சொல்லியிருக்கலாம், அவர் எனக்குச் சொன்னதுபோலவே. ஆனால் அவர் சொன்னது பொய் என்று அன்று எனக்குத் தெரியாது. தப்பு என்றுதான் நினைத்தேன், திருத்தினேன்.