கடைசி ஹீட்டர் பெல்ட்

அமெரிக்காவில், எங்கள் பார்சிப்பனி ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது. வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில், பாத்திரத்தைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பெல்ட் கிடைக்கும். நம்மவர் கண்ணில் படாமல் காரைத் தள்ளி நிறுத்திவிட்டுப் போய் வாங்குவேன்.

என் பெல்ட் எரிந்துபோன நேரம் பார்த்து அந்தக் கடையையே நிரந்தரமாக மூடுகிறார்கள் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடினேன். கடைசி பெல்ட்டைக் கையில் வைத்திருந்தவர் எங்கள் கோயில் கமிட்டி அங்கிள்.

"நீயாம்மா?" என்றார், பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

"இட்லி மாவுக்கு, அங்கிள்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் பெல்ட்டை நீட்டினார். "நீயே எடுத்துக்கோ. நான் வினிகர் போடறதா ஆன்ட்டி நினைச்சிட்டிருக்காங்க. சொல்லிடாதே."

அந்த வாரமே அவர்கள் வீட்டுக்கு இட்லி கொண்டுபோனேன்.

"இந்தக் குளிர்ல எப்படிம்மா இவ்ளோ பூ மாதிரி வருது?" என்றார் ஆன்ட்டி. அங்கிள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாவை ஓவனுக்குள்ள வெச்சு லைட் போட்டு விட்டேன் ஆன்ட்டி, அந்தச் சூடே போதும்."

வாழ்க்கையில் நான் கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.