கோணல் கையெழுத்து

திருமலைக்கு ஏறும் அலிபிரி படிக்கட்டில் தேன்மொழி குனிந்து நிற்க, அவள் முதுகில் காகிதத்தை வைத்துத்தான் சாமி கும்பிட வந்த பிரபல கிரிக்கெட் வீரர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். கூச்சத்தில் அவள் நெளிந்ததால் எழுத்து கோணிப்போனது. தம்பி கிரண்குமார் அதை இணைய ஏலத்தில் விற்கப் போட்டான். பார்த்தவர்கள் எல்லாம் போலி என்று ஒதுக்கினார்கள். யாரோ ஒருவன் ஒரே அச்சில் வார்த்ததுபோல் போட்ட கள்ளக் கையெழுத்துகளோ மளமளவென்று விலைபோயின.

சத்தியவேட்டில் கம்பெனி வேலை பார்க்கும் தேன்மொழி, ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்கு வந்து தம்பியின் அறைக்குள் நுழைந்தாள். மேசையில் வெள்ளைத்தாள்கள். எல்லாவற்றிலும் அந்த வீரரின் பெயர். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் அவள் பெருமை பேசுகிற தம்பி.

“இன்னாடா எழுதிக்கினு கீற?”

“நெசத்த எவனும் நம்பலக்கா. நேரா ஒன்னு போட்டா நம்புவாங்க.”

“போலீஸு வந்தா நைனா மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?”

“அவன் வித்துக்கினுதான கீறான். அவன யாரு புடிச்சா?”

“அவன் எனக்குத் தம்பி இல்லியே.”

கிரண் போனை எடுத்து, கோணல் கையெழுத்தின் படத்துக்குக் கீழே, ‘அக்கா முதுகில் வைத்துப் போட்டது, அதனால்தான் இப்படி’ என்று எழுதினான். உடனே ஒருவர் கேட்டார்: ‘நேராக ஒன்று இருக்கிறதா? இருந்தால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன்.’

தம்பியின் கட்டைவிரல் திரைமேல் அப்படியே நின்றது. தேன்மொழி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

‘இல்லை’ என்று அடித்து அனுப்பிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

“துன்ன இன்னா எடுத்தாந்த?”